ரோசன்ஃபெல்டின் 80 ட்ரை: ஆளா, அணியா?

கோட்டோரம் | இரவு 9.12

நேற்று வாரிங்டன் விங்கர் பிரையன் பெவன் பற்றிய திரியில் யார்க்‌ஷயர் சேகர் போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்: "ரக்பி லீக்கில் விங்கில் ஓடியவர்களில் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டுக்கு மேல் ஆள் கிடையாது. ஒரே சீசனில் 80 ட்ரை. நூறு வருஷம் தாண்டியும் ஒருத்தன் நெருங்கவில்லை." அங்கேயே மல்லுக்கு நின்றால் பெவன் திரி நாறிவிடும். அதனால் தனிக்கடை போட்டிருக்கிறேன். (ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு: ரக்பி லீக் என்றால் 13 பேர் ஆடும் ரக்பி. மைதானத்தின் ஓரம் விங், அங்கே ஓடுகிறவர் விங்கர். அவருக்கு உள்ளே நிற்பவர் சென்டர். முன்னால் மோதுகிறவர்கள் ஃபார்வர்டுகள்.)

ரோசன்ஃபெல்டைத் தெரியாதவர்களுக்கு: 1885ல் சிட்னியில் பிறந்த யூதர். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் போட்டி தொடங்கிய 1908ஆம் வருஷமே ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியில் ஆடினார். அதே வருஷம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய முதல் கங்காரு அணியில், அதாவது ஆஸ்திரேலிய அணியில், ஒருவர். போன இடத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்ட் கிளப் அவரை வளைத்துப் போட்டது. 1909லிருந்து அங்கேதான். 1911-12ல் 78 ட்ரை, 1913-14ல் 42 ஆட்டத்தில் 80. பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் ஒரு ட்ரை, அன்றைக்கு அதற்கு 3 புள்ளி.

முதலில், "நெருங்கவில்லை" என்பதே தப்பு. பெவன் 1952-53ல் 72 போட்டார். அதற்கு முந்தைய சீசனில் லயனல் கூப்பர் 71. இரண்டு பேரும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸிலிருந்து இங்கிலாந்து போனவர்கள் என்பது தனி வேடிக்கை.

80 என்ற எண்ணில் எனக்குச் சந்தேகமில்லை. அது யாருடைய 80 என்பதில்தான் தகராறு. அந்த ஹட்டர்ஸ்ஃபீல்ட் அணியை அந்தக் காலத்து ஆட்களே "சகல திறமைகளும் சேர்ந்த அணி" என்று அழைத்தார்கள். கேப்டன் ஹரோல்ட் வாக்ஸ்டாஃப், ஃபார்வர்டில் டக்ளஸ் கிளார்க், பென் குரோனோ, நியூசிலாந்திலிருந்து எட்கர் ரிக்லி. எதிரே யார்? 1914 பிப்ரவரியில் சேலஞ்ச் கோப்பையில் ஸ்வின்டன் பார்க் என்ற அமெச்சூர் அணியை 119-2 என்று அடித்து அனுப்பினார்கள். மேஜர் ஹாலந்து என்பவர் மட்டும் அதில் 39 புள்ளி. அப்படியொரு அணியில் ஓரத்தில் நின்றால், வாக்ஸ்டாஃப் வாழையிலை போட்டுப் பரிமாறினால், நானும் இருபது போட்டிருப்பேன்.

சேகர் சார், வாங்க.

யார்க்‌ஷயர் சேகர் | இரவு 9.58

வந்துட்டேன். இங்கே மாலை ஐந்தரை கூட ஆகவில்லை, அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நானும் இருபது" என்பதை நகைச்சுவைக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

வாக்ஸ்டாஃப் பரிமாறினார் என்கிறீர்கள். எந்தப் பந்தியில்? வாக்ஸ்டாஃப் சென்டர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு வெளியே ஓடிய விங்கர் ஸ்டான்லி மூர்ஹவுஸ். அந்த ஜோடி இங்கே இன்றும் பேசப்படுகிற ஜோடி. ரோசன்ஃபெல்ட் எதிர் ஓரம், வலது. அவருக்கு உள்ளே நின்ற சென்டர் டாமி கிளீசன், அவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். ஆக உலகத்திலேயே சிறந்த சென்டர் இந்தப் பக்கம் மூர்ஹவுஸுக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். 80 விழுந்தது அந்தப் பக்கம்.

அதே அணி, அதே எதிரணிகள், அதே ஸ்வின்டன் பார்க். மூர்ஹவுஸ் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை, இங்கிலாந்துக்கு ஆடியவர். அவரால் ஏன் 80 முடியவில்லை?

இன்னொன்று. ரோசன்ஃபெல்ட் விங்கராகப் பிறக்கவே இல்லை. சிட்னியில் அவர் ஸ்டாண்ட்-ஆஃப், ஸ்க்ரம்முக்கு (ஃபார்வர்டுகள் பிணைந்து தள்ளுகிற கூட்டம்) பக்கத்தில் நின்று ஆட்டத்தை நடத்துகிற இடம். 1908ல் நியூசிலாந்துக்கு எதிரான ஆஸ்திரேலியாவின் முதல் டெஸ்டிலும் அந்த இடத்தில்தான் ஆடினார். ஹட்டர்ஸ்ஃபீல்ட் வந்த பிறகுதான் ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஆள் குள்ளம், கட்டுமஸ்து. எதிராளி மேலே வந்ததும் அவன் தலைக்கு மேலே பந்தைச் சின்னதாய் உதைத்துப் போட்டுச் சுற்றிக்கொண்டு போய்த் தானே பிடிப்பார். அது ஸ்டாண்ட்-ஆஃப் புத்தி. வெறுமே கோட்டோரம் ஓடுகிறவனுக்கு அது வராது. (உங்கள் பெயரைச் சொல்லவில்லை, பொதுவாய்ச் சொன்னேன்.)

பதினாலாம் நம்பர் | இரவு 10.20

சேகர் அண்ணை, கோட்டோரம், ரெண்டு பேரும் புத்தகக் கணக்குப் பார்க்கிறீங்கள். நான் விங்கில நிண்டவன், அதால ஒரு சின்னச் சாட்சி.

கண்டியில படிச்ச நேரம். பள்ளிக்கூடப் பேர் வேண்டாம். அங்க ரக்பி எண்டா யூனியன், 15 பேர் ஆட்டம், லீக் ஆக்களை ரீவியிலதான் பாத்திருக்கிறம். ஆனா விங்கரின்ர பாடு ரெண்டிலயும் ஒண்டுதான்.

பின்னேரம் மழை தூறும். கை விரைச்சுப் போகாம இருக்க ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு நிப்பன். இருபது நிமிசம் பந்து என்ர பக்கம் எட்டியும் பாக்காது. வாற நேரம் முழங்கால் உயரத்தில, சவர்க்காரம் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். பிடிச்சா வலப்பக்கம் வெள்ளைக் கோடு, இடப்பக்கம் ஒருத்தன் பாஞ்சு வாறான், எனக்கு எண்டு இருக்கிறது ரெண்டு முழம் இடம். கோச்சர் ஒண்டுதான் சொல்லித் தந்தவர்: வாறவன்ர முகத்தைப் பாக்காத, இடுப்பைப் பார். அவன்ர பாரம் எந்தக் காலில விழுதோ அந்தக் கால் பக்கத்தால வெட்டு, ஏனெண்டா ஊண்டின காலை அவனால உடன தூக்க ஏலாது.

இதெல்லாம் நல்லாத்தான் பழகினன். ஆனா ஒரு முழு சீசன் எங்கட சென்டர் எனக்குப் பந்தே தரேல்ல. நான் வெளியால தனிய நிண்டு கத்துவன், அவர் உள்ளுக்க வெட்டிக்கொண்டு போய் மூண்டு பேருக்குள்ள மாட்டுப்படுவார். அந்த வருசம் என்ர கணக்கு மூண்டு ட்ரை. அடுத்த வருசம் சென்டர் மாறினார், பதினொண்டு. நான் அதே ஆள், அதே கால், அதே சப்பாத்து.

அதால என்ர வாக்கு கோட்டோரத்துக்கு.

யார்க்‌ஷயர் சேகர் | இரவு 10.31

தம்பி, நல்ல சாட்சி. ஆனால் நல்ல சென்டர் கிடைத்ததும் உங்களுக்கு 11. அவருக்கு 80. நடுவில் இருக்கிற 69ஐ யார் கணக்கில் எழுதுவது?

பதினாலாம் நம்பர் | இரவு 10.33

அண்ணை, நாங்கள் ஆடினது பத்துப் பன்னிரண்டு ஆட்டம்! 42 தந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

கணக்கப்பிள்ளை | இரவு 11.05

80, 78 என்று மூன்று பேரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மனுஷன் கடைசியில் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் சொல்லவில்லையே? நான் சொல்கிறேன். ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலை.

ஆம், அதே ஊரில். எந்த ஊரின் மைதானத்தில் அவர் கோட்டைத் தாண்டினால் கூட்டம் தொப்பியை வீசியதோ, அந்த ஊரின் தெருவில்.

இந்த ஆட்டம் எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1895 ஆகஸ்ட் 29, ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டல். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போகிறது. அதை ஈடுகட்டப் பணம் கொடு என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. லண்டன் துரைமார்கள் முடியாது என்றார்கள். 22 கிளப்புகள் வெளியே வந்து நார்தர்ன் யூனியன் ஆரம்பித்தன. இழந்த கூலிக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங். அது கூடச் சம்பளம் இல்லை, நஷ்ட ஈடு. 1898ல் சம்பளத்தை அனுமதித்தார்கள், ஆனால் கூடவே ஒரு கொக்கி: வெளியே ஒழுங்கான வேலை வைத்திருப்பவன்தான் ஆடலாம். அந்த விதி போக 1905 ஆனது. (கோட்டோரத்துக்கு ஒரு திருத்தம்: 1922 வரை இங்கிலாந்தில் இதற்கு ரக்பி லீக் என்ற பெயரே கிடையாது, நார்தர்ன் யூனியன்தான்.)

ஆக "தொழில்முறை ஆட்டக்காரர்" என்ற பட்டம் கேட்கத்தான் நன்றாயிருக்கிறது. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றார்கள். இவர் திரைகடல் ஓடினார், திரவியம் டிக்கெட் கவுண்டரில் நின்றவன் பெட்டிக்குப் போனது. என் அப்பா பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் ஒரு கம்பெனிக்கு உழைத்துவிட்டு, ஒரு கைக்கடிகாரத்தோடு ஊர் திரும்பினார். அது மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. அதனால் எனக்கு இந்தக் கதையில் ட்ரை எத்தனை என்பது இரண்டாம்பட்சம்.

யார்க்‌ஷயர் சேகர் | இரவு 11.40

கணக்கப்பிள்ளை, உங்கள் அப்பாவின் கதை வலிக்கிறது. ஆனால் அதை ரோசன்ஃபெல்டின் தலையில் கட்டாதீர்கள்.

முதலில், குப்பை அள்ளுவதில் என்ன அவமானம்? நகராட்சி வேலை, மாதம் தவறாத கூலி. அந்தக் காலத்தில் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் ஆட்டம் முடிந்ததும் திரும்ப நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள்.

இரண்டாவது, அவரை யாரும் கட்டிப் போடவில்லை. அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1924ல் ஆட்டத்தை விட்ட பிறகும் சிட்னி போகவில்லை. 1970ல் ஹட்டர்ஸ்ஃபீல்டிலேயே 85 வயதில் காலமானார். முதல் கங்காரு அணியில் கடைசியாய் உயிரோடிருந்தவர் அவர். அறுபது வருஷம் ஒருத்தர் ஓர் ஊரில் கோபத்தோடு குடியிருக்க மாட்டார்.

கணக்கப்பிள்ளை | இரவு 11.47

கப்பல் டிக்கெட்டுக்குக் காசில்லாதவனும் அறுபது வருஷம் குடியிருப்பான் சார்.

யார்க்‌ஷயர் சேகர் | இரவு 11.52

அவரிடம் காசில்லை என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?

கணக்கப்பிள்ளை | இரவு 11.55

அவருக்குக் கோபமில்லை என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரமோ அதே.

மெல்பர்ன் வாசுகி | காலை 5.30

நீங்கள் தூங்கப் போன நேரத்தில் நான் எழுந்து காபி போட்டேன். முழுதும் படித்தேன். ஆண்கள் நாலு பேர் சேர்ந்து முக்கியமானதை விட்டுவிட்டீர்கள்.

நானிருக்கிற ஊரில் ஃபுட்டி என்றால் வேறு ஆட்டம், ரக்பி லீக் என்று சொன்னால் சிட்னிக்காரி என்று நினைப்பார்கள். அது கிடக்கட்டும். வெளிநாடு போனதால் ரோசன்ஃபெல்டுக்கு என்ன நஷ்டம் என்றால் பணமில்லை, நாடு.

அந்த முதல் டூரை நினைத்துப் பாருங்கள். 1908-09, மொத்தம் 45 ஆட்டம், 17 வெற்றி, 22 தோல்வி, 6 டிரா. லங்காஷயரில் பஞ்சாலைகள் மூடிக்கிடந்த நேரம், கையில் காசில்லாத ஜனம் மைதானத்துக்கு வரவில்லை. லண்டன் பார்க் ராயலில் நடந்த முதல் டெஸ்ட் 22-22 என்று முடிந்தது, பார்க்க வந்தது சுமார் இரண்டாயிரம் பேர். டூர் நஷ்டத்தில் முடிந்தது. அந்த நிலையில் இங்கிலாந்துக் கிளப்புகள் கையில் ஒப்பந்தத்தோடு வந்து நின்றன. ரோசன்ஃபெல்ட் ஒருத்தர் இல்லை, பலர் கையெழுத்துப் போட்டார்கள். ஜிம் டெவரோ ஹல்லுக்குப் போனார், டான் ஃபிராலியும் லாரி ஓமாலியும் வாரிங்டனுக்கு.

இப்போது 1911-12. அடுத்த கங்காரு அணி இங்கிலாந்து வருகிறது, ஆஷஸையும் (பிரிட்டனோடு ஆடும் டெஸ்ட் தொடருக்கு இங்கேயும் அதே பெயர்) ஜெயிக்கிறது. அதே குளிர்காலத்தில், அதே நாட்டில், ஓர் ஆஸ்திரேலியர் 78 ட்ரை போட்டுச் சாதனை படைத்துக்கொண்டிருக்கிறார். தன் நாட்டு அணி அவரை எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள், அவர் இப்போது ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஆள்.

1914 இன்னும் மோசம். பிரிட்டிஷ் அணி ஆஸ்திரேலியா போகிறது, கேப்டன் வாக்ஸ்டாஃப். ஹட்டர்ஸ்ஃபீல்டிலிருந்து அவரோடு மூர்ஹவுஸ், கிளார்க், லாங்ஸ்டாஃப், ரோஜர்ஸ். ஜூலை 4 சிட்னி கிரிக்கெட் மைதானத்தில், காயத்தால் ஆட்கள் குறைந்து ஒரு கட்டத்தில் பத்துப் பேராய் நின்று 14-6 என்று ஜெயித்தார்கள். யார்க்‌ஷயர்க்காரர்கள் எல்லாம் சிட்னியில். சிட்னிக்காரர் மட்டும் யார்க்‌ஷயரில்.

இதைவிட ஒரு விங்கரை எப்படித் தனியாக நிற்க வைப்பது?

கோட்டோரம் | காலை 8.15

வாசுகி, கடைசி வரி சினிமா வசனம் மாதிரி இருந்தாலும், அந்த 1914 டூரை இழுத்ததற்கு நன்றி. நான் கையில் வைத்திருந்த துருப்புச்சீட்டே அதுதான், நீங்களாக எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

80 ட்ரை போட்ட அந்த 1913-14 சீசன் எப்படி முடிந்தது? ஏப்ரல் கடைசியில் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம், எதிரே சால்ஃபோர்டு. வாக்ஸ்டாஃப், மூர்ஹவுஸ், கிளார்க் எல்லோரும் கப்பலில். ஹட்டர்ஸ்ஃபீல்ட் 5-3 என்று தோற்றது. சேலஞ்ச் கோப்பையும் அந்த வருஷம் இல்லை. 80 ட்ரை போட்ட விங்கர் ஊரில்தான் இருந்தார். அணி போய்விட்டது, ஆள் மட்டும் இருந்தார், கோப்பை இல்லை. இதைவிடத் தெளிவாய் ஒரு பரிசோதனையை நாமே திட்டம் போட்டு நடத்தினாலும் வராது.

இன்னொன்று, முந்தின வருஷ சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம், ஹெடிங்லி. வாரிங்டனை 9-5 என்று ஜெயித்தார்கள். அந்த 9 புள்ளியும் மூன்று ட்ரை, மூன்றையும் போட்டது இடது ஓரத்து மூர்ஹவுஸ். சேகர் சார் "ஏன் மூர்ஹவுஸால் 80 முடியவில்லை" என்று கேட்டார். பெரிய நாளில் பந்து எந்தப் பக்கம் போனது என்பதையும் அவர் கேட்டிருக்கலாம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வாக்ஸ்டாஃப் பரிமாறினார் என்று எழுதியது என் அவசரம். வலது ஓரத்தில் கிளீசன் என்பதைச் சரிபார்த்தேன், சேகர் சொன்னது சரி. வாழையிலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வாசுகி சொன்ன "நாடு மறந்தது" விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெவனைப் பாருங்கள். ஆஸ்திரேலியக் கடற்படையில் இருந்தவர், கப்பலோடு இங்கிலாந்து வந்தார், லீட்ஸ் வேண்டாம் என்றது, வாரிங்டன் எடுத்துக்கொண்டது. மொத்தம் 796 ட்ரை. ஆஸ்திரேலியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை, பூஜ்யம். ஆனாலும் 2008ல் அவர்கள் நூற்றாண்டு அணியை அறிவித்தபோது விங்கில் பெவன் பெயர் இருந்தது. வெளிநாடு போனதற்காக மறப்பதென்றால் முதலில் பெவனை அல்லவா மறந்திருக்க வேண்டும்?

மெல்பர்ன் வாசுகி | காலை 8.40

அதைத்தான் நானும் கேட்கிறேன். டெஸ்டே ஆடாத பெவனுக்கு இடம் உண்டு. டெஸ்ட் ஆடிய, ஒரே சீசனில் பெவனைவிட எட்டு ட்ரை கூடப் போட்ட ரோசன்ஃபெல்டுக்கு இல்லை. பெவன் ஓடியதைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள்: வழுக்கைத் தலை, குச்சி மாதிரி உடம்பு, முழங்காலில் கட்டு. எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ரோசன்ஃபெல்டுக்கு எண் மட்டும்தான் மிச்சம். அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் யார்க்‌ஷயரில் செத்துப் போனார்கள்.

இங்கிலாந்து மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1988ல் அவர்கள் புகழ் மண்டபம் ஆரம்பித்தபோது முதல் ஒன்பது பேரில் ரோசன்ஃபெல்டும் பெவனும் இருந்தார்கள்.

யார்க்‌ஷயர் சேகர் | மாலை 4.10

சால்ஃபோர்டு ஆட்டத்துக்கு வருகிறேன். காலையிலிருந்து அதே நினைப்பு.

13 பேர் ஆட்டத்தில் ஐந்து பேரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். கேப்டன் இல்லை, முதுகெலும்பான ஃபார்வர்டுகள் இல்லை. அப்படியும் இறுதியாட்டத்தில் வித்தியாசம் இரண்டே புள்ளி. இதை "பரிசோதனை" என்கிறீர்கள். நான்கு டயரில் இரண்டைக் கழற்றிவிட்டு, பார், ஸ்டீயரிங்குக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்பது போலிருக்கிறது. மொத்தமே எட்டு புள்ளி விழுந்த ஆட்டம் அது. அப்படிப்பட்ட நாளில் விங்கர் குளிரில் நின்று கையைத் தேய்க்கத்தான் முடியும். நம்ம பதினாலாம் நம்பரைக் கேளுங்கள்.

சராசரியையும் பார்ப்போம், நீங்கள் கணக்குப் பிரியர். ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு ரோசன்ஃபெல்ட் 287 ஆட்டத்தில் 366 ட்ரை, ஆட்டத்துக்கு 1.28. வாரிங்டனுக்கு பெவன் 620 ஆட்டத்தில் 740, ஆட்டத்துக்கு 1.19. பெவனை யாரும் "அணியின் புண்ணியம்" என்று சொல்வதில்லை. ரோசன்ஃபெல்டுக்கு மட்டும் ஏன் அந்தத் தராசு?

இதில் முதல் உலகப் போருக்குப் பிந்தைய சரிவும் அடக்கம். 1914-15ல் நான்கு கோப்பையையும் அள்ளினார்கள். சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3, சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35-2. அதோடு போட்டிகள் நின்றன. அவருக்கு அப்போது முப்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. ராணுவத்தில் சேர்ந்து மெசபடோமியா வரை போனார். லாங்ஸ்டாஃப் 1916ல் போரில் செத்தார். திரும்பி வந்தபோது ரோசன்ஃபெல்டுக்கு 33, 34. விங்கருக்கு அது கிழட்டு வயது. அப்புறம் வேக்ஃபீல்ட் டிரினிட்டி, பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்று கடைசிக் கொஞ்ச காலம். நடுவில் போன நாலு சீசனைத் திருப்பிக் கொடுங்கள், அப்புறம் பேசுவோம்.

பதினாலாம் நம்பர் | மாலை 4.45

சேகர் அண்ணை கூப்பிட்டதால வந்தன். 5-3 ஆட்டத்தில விங்கருக்குப் பந்து ரெண்டு தரம் வந்திருந்தாப் பெரிய விசயம். அதில விங்கரைக் குற்றஞ் சொல்லக் கூடாது, அது உண்மை.

ஆனா 119-2 ஆட்டத்தில விங்கரைப் புகழவும் கூடாது. ரெண்டையும் ஒண்டா வச்சுப் பாருங்கோ.

கோட்டோரம் | மாலை 5.20

பதினாலாம் நம்பர், கடைசி வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம்.

சேகர் சார், சராசரிக்குப் பதில். விதி வேறு. 1966 வரை டேக்கிளுக்கு (பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது) எண்ணிக்கையே கிடையாது. இன்றைக்கு ஆறாவது டேக்கிளோடு பந்து கைமாறிவிடும். அன்று விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, பந்தைத் தவறவிடாத வரை உங்களிடமேதான் இருக்கும். பலமான ஃபார்வர்டுகள் வைத்திருக்கும் அணி எதிரணிக்குப் பந்தையே காட்டாமல் அரைமணி நேரம் ஓட்டலாம். பெவனும் அதே விதியில்தான் ஆடினார், சரி. ஆனால் 1913ல் எல்லோரும் எல்லோரோடும் ஆடவில்லை. ஒரே பட்டியல், ஆனால் அந்தந்தக் கவுண்டிக் கிளப்புகளோடு அதிகம், மற்றவர்களில் சிலரோடு மட்டும். பலமான அணிக்கு அது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு வாக்ஸ்டாஃப் அணியின் மறிப்பு வித்தையையும் சேருங்கள். பந்தில்லாத ஒருத்தர் எதிராளி ஓடுகிற பாதையில் தற்செயலாய் வந்தது மாதிரி குறுக்கே நிற்பார். நடுவருக்குத் தவறாகவும் தெரியாது, எதிராளிக்கு வழியும் இருக்காது. அந்த ஒரு விநாடியில் ஓரத்துக்காரன் போய்விடுவான். அதைச் செய்தது அணி. பெயர் போட்டது விங்கருக்கு.

நீங்கள் சொன்ன தலைக்கு மேல் உதை, அது அவருடையது, முழுக்க அவருடையது. அப்படி விழுந்ததை மட்டும் தனியாய்க் கொடுங்கள், நான் கைகூப்பிவிடுகிறேன்.

கணக்கப்பிள்ளை | இரவு 7.02

மறுபடியும் ட்ரை.

சரி, நானும் ஒரு கணக்குக் கேட்கிறேன். இவரைப் போன்றவர்களை இங்கிலாந்துக் கிளப்புகள் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து ஆஸ்திரேலிய நிர்வாகம் கத்திக் கத்தி, 1947ல் இருதரப்பும் சேர்ந்து வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இழுக்கத் தடை போட்டார்கள். கூப்பர் அந்த வருஷம்தான் கதவு சாத்துவதற்குள் உள்ளே வந்தவர். அவர் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு 420 ட்ரை, ரோசன்ஃபெல்டின் கிளப் சாதனையைத் தாண்டினார். தடை போட்டது யாருக்காக? ஆட்டக்காரனுக்காகவா? அவனுக்கு இருந்த ஒரே பேரம் பேசும் வழி, "கொடுக்காவிட்டால் கடல் தாண்டிப் போய்விடுவேன்" என்பது. அதையும் அடைத்தார்கள். அந்த வகையில் ரோசன்ஃபெல்ட் போனது சரியே. ஒருத்தன் தன் காலை எங்கே விற்பது என்று தானே முடிவு செய்தான்.

யார்க்‌ஷயர் சேகர் | இரவு 7.15

அப்படியானால் நேற்று எதற்கு என்னோடு சண்டை போட்டீர்கள்?

கணக்கப்பிள்ளை | இரவு 7.18

விற்றது சரி. விலை போதாது. இரண்டும் வேறு வேறு சார்.

யார்க்‌ஷயர் சேகர் | இரவு 7.50

சரி. கோட்டோரம், உதை போட்டு விழுந்த ட்ரைகளை மட்டும் தனியாய்க் கேட்கிறீர்கள். அன்றைய நிருபர்கள் அப்படி எண்ணவில்லை, நீங்களும் அது தெரிந்தேதான் கேட்கிறீர்கள். தப்பிக்கும் வழி நன்றாய்க் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்.

நான் பிடித்த பிடியில்தான் இருக்கிறேன். இரண்டு சீசன், 78, 80. ஒரு தடவை அதிர்ஷ்டம் அடிக்கலாம். எதிரணி எல்லாம் பெயரைக் கேட்டே இரண்டு பேரை மேலே ஏவிவிடுகிற நிலையில் இரண்டாம் தடவையும் அடிக்காது.

இந்தச் சனிக்கிழமை ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு வேலை இருக்கிறது. ரயிலடியில் இறங்கினால் பக்கத்திலேயே அந்த ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம். போன தடவை பார்த்தபோது பூட்டிக்கிடந்தது, ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். அங்கிருந்து ஃபார்டவுன் மைதானத்துக்கும் போவதாய் உத்தேசம். கிளப் அங்கே ஆடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. படம் எடுத்துப் போடுகிறேன்.

கோட்டோரம் | இரவு 7.58

போடுங்க சார். வலது ஓரம் எது என்று அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

பதினாலாம் நம்பர் | இரவு 8.03

எந்தப் பாதியில? இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறிப் போடும்.